நடுவழியில் பேக்கேஜை மாற்றிவிட்டார்கள்: வெளியேறுவதா, இருந்து கேட்பதா?

மாலை ஆறரை மணி ஆயாவின், அதாவது பாட்டியின், டிவி தொடர் நேரம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த நேரத்தில் வேறு யாரும் ரிமோட்டைத் தொடமாட்டோம். மார்ச் முதல் தேதி சாயங்காலம் ஆயா என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, டிவி கெட்டுப்போச்சா, வந்து பாரு" என்றார். டிவி கெடவில்லை. திரையில் ஒரு சாம்பல் நிறக் கட்டம், அதற்குள் ஆங்கிலத்தில் இரண்டு வரி. இந்தச் சேனல் உங்கள் பேக்கேஜில் இல்லை, சேர்க்க மாதம் 129 ராண்ட்.

மின்னஞ்சல் பெட்டியைத் தேடினேன். இரண்டு வாரத்துக்கு முன்பே தகவல் அனுப்பியிருந்தார்கள். விளம்பரம் போலத் தலைப்பு வைத்திருந்ததால் நான் திறக்கவே இல்லை. எங்களுடையது 24 மாத ஒப்பந்தம், மாதம் 999 ராண்ட். வீட்டுக்கு ஃபைபர், டிவி பெட்டி, மாதம் 20 ஜிபி வீதம் இரண்டு சிம். தமிழ்ச் சேனல்கள் உண்டு என்பதற்காகத்தான் அந்த நிறுவனத்திடமே போனோம். பத்து மாதம் கழிந்து, பதினான்கு மாதம் பாக்கி இருந்தது. இப்போது தமிழ்ச் சேனல்களுக்குத் தனிக் கட்டணம், சிம் டேட்டா பாதியாகக் குறைப்பு, மாதக் கட்டணம் மட்டும் அதே 999.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு யோசனை. "பேங்க்ல சொல்லி டெபிட் ஆர்டரை நிறுத்து" என்றார் அண்ணன். "கான்ட்ராக்டைக் கேன்சல் பண்ணிடு, சட்டத்துல இடம் இருக்கு" என்றாள் டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து வந்திருந்த சித்தி மகள். "129 தானே, கட்டிட்டுப் போவோம்" என்றார் அப்பா. மூன்றுமே நம் வீடுகளில் வழக்கமாகக் கேட்கிற பேச்சுதான். அடுத்த சில வாரங்கள் சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்த்தேன். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் லெனேசியாவிலும் இதே சிக்கலில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று அதை எழுதுகிறேன்.

நிறுத்திவிடுவது

அண்ணன் சொன்ன வழியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதை வேண்டாம் என்றுதான் சொல்வேன். இப்போது பெரும்பாலான ஒப்பந்தங்களில் டெபிசெக் என்ற டெபிட் ஆர்டர் முறைதான். பணம் எடுக்கும் ஆணையை வங்கி வழியாக நாமே மின்னணு முறையில் ஒப்புக்கொண்டிருப்போம். ஒப்புக்கொண்ட அளவுக்குள் எடுத்த பணத்தை "எனக்குத் தெரியாமல் எடுத்தார்கள்" என்று சொல்லித் திருப்பி வாங்க முடியாது. ஆணையில் இருக்கிற உச்சவரம்பைத் தாண்டி எடுத்தால் கதை வேறு, அப்போது வங்கியிடம் தாராளமாகக் கேட்கலாம். எங்கள் விஷயத்தில் அவர்கள் எடுத்தது அதே 999 தான்.

பணத்தை நிறுத்தினால் என்ன நடக்கும்? மாற்றியது அவர்கள், ஆனால் பாக்கிதாரர் நாம் என்று ஆகிவிடும். இணைப்பு துண்டாகும், கணக்கு வசூல்காரர்களிடம் போகும், கடன் தகவல் நிறுவனங்களில் நம் பெயர் ஏறும். வீட்டுக் கடனோ கார் கடனோ கேட்கப் போகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது அதைக் கெடுத்துக்கொள்ளும் வழி இது.

20 வேலைநாள் அறிவிப்பு

சித்தி மகள் சொன்னது உண்மை. 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, கால வரையறை உள்ள ஒப்பந்தத்தை எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல், 20 வேலைநாள் முன்னதாக எழுத்தில் அறிவித்து முடித்துக்கொள்ள நமக்கு உரிமை தருகிறது. நிறுவனம் சம்மதிக்க வேண்டும் என்பதில்லை. கடிதம் போதும்.

ஆனால் அதே பிரிவு நிறுவனத்துக்கும் ஒன்று தருகிறது. முழுக் காலமும் இருப்போம் என்று நம்பி அவர்கள் கொடுத்த பொருள், சேவை, தள்ளுபடி ஆகியவற்றுக்காக நியாயமான ரத்துக் கட்டணம் கேட்கலாம். இந்த 'நியாயமான' என்ற சொல்லில்தான் சண்டையெல்லாம். கால் சென்டரில் பேசிய பெண் எனக்குச் சொன்ன தொகை 13,986 ராண்ட். கூட்டிப் பார்த்தேன். 999-ஐ 14-ஆல் பெருக்கினால் வருவது அது. அதாவது மீதி மாதங்கள் முழுவதற்கும் பணம் கட்டிவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.

இது செல்லாது. சட்டத்தின் கீழ் வந்த 5-ஆவது ஒழுங்குவிதி, ரத்து செய்யும் உரிமையையே இல்லாமல் ஆக்குகிற அளவுக்குக் கட்டணம் போடக் கூடாது என்கிறது. எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நாம் வைத்துக்கொள்ளும் பொருளின் மதிப்பு, திருப்பிக் கொடுக்கும் பொருளின் மதிப்பு, ஒப்பந்தத்தின் முழுக் காலம், எத்தனை நாள் முன்னதாக அறிவித்தோம், வேறு வாடிக்கையாளர் அவர்களுக்குக் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு, துறையில் வழக்கம் என்ன என்பவை அதில் அடங்கும். இதை மேற்கோள் காட்டி, கட்டணத்தைப் பிரித்து எழுத்தில் தரும்படி மின்னஞ்சல் போட்டேன். நான்கு நாளில் தொகை 3,400 ஆகக் குறைந்தது. இணைப்பு வேலைக்கு 1,700, ரவுட்டருக்கு 900, டிவி பெட்டிக்கு 800. பத்து மாதம் கழிந்துவிட்டதே, மீதிக் காலத்துக்கு மட்டும் விகிதப்படி பார்த்தால் ஏறத்தாழ 1,983 தான் வரும். ரவுட்டரையும் பெட்டியையும் திருப்பிக் கொடுத்தால் அதற்கும் கீழே பேசலாம்.

இப்போது அப்பா சொன்ன வழியோடு ஒப்பிடுங்கள். முணுமுணுக்காமல் மாதம் 129 கட்டினால் 14 மாதத்துக்கு 1,806. பணக்கணக்கில் இருப்பதும் போவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். போனால் புது இணைப்புச் செலவு வேறு சேரும். ஆகவே 'கேன்சல்' என்பது கேட்க வீரமாக இருந்தாலும், எங்களைப் போன்ற பேக்கேஜுக்கு அது மலிவான வழி அல்ல.

கைபேசியும் சேர்ந்த ஒப்பந்தம் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். அங்கே மாதக் கட்டணத்தின் பெரும்பகுதி ஃபோனின் தவணைதான். ஃபோனை வைத்துக்கொண்டு வெளியேறினால் அதன் மீதி விலையைக் கேட்பது நியாயமானதே, அதை எந்த ஒழுங்குவிதியும் தடுக்காது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடும் என்று நினைப்பவர்களும் நம்மிடையே நிறையப் பேர். 2006-லிருந்து எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி இந்த நாட்டில் உண்டு. ஆனால் எண் போனாலும் ஒப்பந்தக் கடன் அங்கேயேதான் நிற்கும்.

முதல் கடிதத்தின் சொல்

இந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் புரிந்த முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. "நான் ரத்து செய்கிறேன்" என்று எழுதுவதும், "நீங்கள் ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்" என்று எழுதுவதும் வேறு வேறு பாதைகள். முதல் வாக்கியத்தை எழுதிவிட்டால் 14-ஆவது பிரிவுக்குள் போய்விடுகிறோம், ரத்துக் கட்டணமும் கூடவே வருகிறது. இரண்டாவது வாக்கியம் இந்த நாட்டின் பொதுவான ஒப்பந்தச் சட்டத்தில் நிற்கிறது. ஒருவர் வாக்கை மீறினால், மற்றவருக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. சொன்னபடி செய் என்று கேட்கலாம். மீறல் பெரிதாக இருந்தால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு நட்டமும் கேட்கலாம். மீறியவருக்கு நாம் ரத்துக் கட்டணம் கட்ட வேண்டிய பேச்சே இங்கே எழாது.

உடனே அவர்கள் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். "சேவையை எப்போது வேண்டுமானாலும் மாற்ற எங்களுக்கு உரிமை உண்டு" என்று அங்கே ஒரு வரி இருக்கும். எங்கள் ஒப்பந்தத்திலும் இருந்தது, 11-ஆவது பக்கத்தில், பொடி எழுத்தில். பலரும் அதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். வைக்க வேண்டாம். லாபத்துக்காக நடக்கும் நிறுவனத்துக்கும், சொந்த உபயோகத்துக்கு வாங்கும் தனிநபருக்கும் இடையிலான ஒப்பந்தங்களில் எந்தெந்த வரிகள் நியாயமற்றவை என்று முன்கூட்டியே கருதப்படும் என்று 44-ஆவது ஒழுங்குவிதி ஒரு பட்டியல் தருகிறது. பொருளின் அல்லது சேவையின் தன்மையை நிறுவனம் தன்னிச்சையாக மாற்ற இடம்கொடுக்கும் வரி அந்தப் பட்டியலில் இருக்கிறது. வெளியேறும் உரிமை தராமல் விலையை ஏற்றும் வரியும் இருக்கிறது.

பட்டியலில் இருப்பதாலேயே அந்த வரி தானாகச் செத்துப்போகாது. எங்கள் சூழ்நிலையில் இது நியாயமானதே என்று நிறுவனம் நிரூபிக்கப் பார்க்கலாம். சுமை அவர்கள் தலையில் ஏறுகிறது, அதுதான் நமக்கு லாபம். மாற்றம் பிடிக்காதவர்களைக் கட்டணமின்றி வெளியேற விட்டிருந்தால் அவர்கள் வாதம் பலப்பட்டிருக்கும். எங்களுக்கு வந்த மின்னஞ்சலில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை.

நான் அனுப்பிய கடிதத்தின் சாரம் இது, ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

"மார்ச் 1 முதல் நீங்கள் செய்த மாற்றத்தை நான் ஏற்கவில்லை. ஒப்பந்தத்தின்போது சொன்ன சேனல்களையும் டேட்டாவையும் திரும்பத் தர வேண்டும். முடியாவிட்டால் மாதம் 129 ராண்டைக் கட்டணத்திலிருந்து கழிக்க வேண்டும், குறைந்த டேட்டாவுக்கும் ஈடு சொல்ல வேண்டும். அதுவும் முடியாவிட்டால் ரத்துக் கட்டணம் இல்லாமல் என்னை விடுவிக்க வேண்டும். இதற்கிடையே நான் செலுத்தும் பணம் எதிர்ப்புடன் செலுத்தப்படுகிறது, மாற்றத்துக்குச் சம்மதம் என்று அதற்குப் பொருள் இல்லை. இது 14-ஆவது பிரிவின் கீழான ரத்து அறிவிப்பு அல்ல."

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். ஒன்றும் சொல்லாமல் நாலைந்து மாதம் கட்டிக்கொண்டே வந்தால், "அவர் ஏற்றுக்கொண்டுதானே இருந்தார்" என்று பேச அவர்களுக்கு வாய் கிடைத்துவிடும். மாதம் 129 கட்டி அந்தச் சேனலைச் சேர்ப்பதும் அப்படித்தான். ஆயா கேட்கிறாரே என்று சேர்ப்பதானால், எதிர்ப்பைக் கடிதத்தில் பதிந்துவிட்டுச் சேருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். கடிதம் போன மூன்றாம் நாளே ஆயாவின் தொடர் திரும்ப வந்துவிட்டது.

கடிதத்தோடு நான் இணைத்தவை இரண்டு. சேருமுன் நிறுவனத்தின் இணையதளத்தில் பேக்கேஜில் என்னென்ன உண்டு என்று போட்டிருந்த பக்கத்தின் படம் ஒன்று. நல்ல வேளையாக அப்போது தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன், தேதியோடு அப்படியே இருந்தது. ஆயாவின் டிவித் திரையில் வந்த அந்தச் சாம்பல் கட்டத்தின் படம் இன்னொன்று. இந்தப் பேச்சில் நாம் சொல்வதை விட இந்த மாதிரிப் படங்கள்தான் பேசும். புதிதாக ஒப்பந்தம் போடுகிறவர்கள் அன்றைக்கே சேனல் பட்டியலைப் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

மறுத்தால் எங்கே போவது

முதலில் நிறுவனத்திடம்தான் முறையிட வேண்டும், அதைத் தாண்டி நேரே மேலே போக முடியாது. புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்காணையமான ஐகாசாவின் விதிப்படி நிறுவனத்துக்கு 14 வேலைநாள் அவகாசம். அதற்குள் தீராவிட்டால் ஐகாசாவிடம் புகார் தரலாம், கட்டணம் கிடையாது. அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பி பதில் கேட்பார்கள், அப்படியும் தீராதவை ஐகாசாவின் புகார் குழுவுக்குப் போகும். கால் சென்டரில் ஒருவரும் காது கொடுக்காத விஷயம், ஒழுங்காணையத்தின் பெயர் தலைப்பில் வந்ததும் வேறு மேசைக்குப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். டேட்டா சம்பந்தப்பட்டதென்றால் ஐகாசாதான் சரியான இடம். 50, 80, 100 சதவீதம் தீர்ந்ததும் தகவல் அனுப்ப வேண்டும், நம் சம்மதம் இல்லாமல் பேக்கேஜுக்கு வெளியே கூடுதல் கட்டணம் போடக் கூடாது என்ற 2019-ஆம் ஆண்டு விதிகளும் அவர்களுடையவைதான்.

தேசிய நுகர்வோர் ஆணையம் இன்னொரு கதவு. ஒரே மாற்றத்தால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டிருந்தால் அங்கே போவதில் பொருள் உண்டு. விஷயம் தேசிய நுகர்வோர் தீர்ப்பாயம் வரை போனால் அபராதம் நிறுவனத்தின் ஆண்டு வருவாயில் 10 சதவீதம் வரை போகலாம். ஒரு வீட்டின் 1,806 ராண்டுக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

சின்ன வழக்கு நீதிமன்றத்தைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை. 20,000 ராண்ட் வரை அங்கே கேட்கலாம். வக்கீல் கூடாது, நமக்கும் கூடாது, அவர்களுக்கும் கூடாது. முதலில் பணம் கேட்டு எழுத்தில் கடிதம், 14 நாள் அவகாசம், அப்புறம் எழுத்தரிடம் போய் அழைப்பாணை. தாள்களை நிரப்ப எழுத்தரே உதவுவார். ஒன்று மட்டும் கவனம்: "சேனலைத் திரும்பக் கொடு" என்று மட்டும் அங்கே கேட்க முடியாது, பணமாகக் கேட்க வேண்டும். அதிகமாகப் பிடித்த ரத்துக் கட்டணத்தைத் திரும்ப வாங்க இதைவிட நல்ல இடம் இல்லை. மாதம் 129 பற்றிய தகராறுக்கு, ஐகாசாவை முயன்று பார்த்த பிறகு போகலாம்.

யார் பெயரில் ஒப்பந்தம்

இங்கே ஒரு எச்சரிக்கை, குறிப்பாகக் கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும். மேலே சொன்ன 14-ஆவது பிரிவு, இரண்டு பக்கமும் சட்ட அமைப்புகளாக இருந்தால் பொருந்தாது. நிறுவனம் மட்டுமல்ல, கூட்டு வணிகம், சங்கம், அறக்கட்டளை எல்லாமே அந்தச் சட்டத்தின் பார்வையில் சட்ட அமைப்புகள்தான். எங்கள் பக்கத்துக் கோயிலில் காவடித் திருவிழாவை நேரலையில் காட்டுவதற்காக ஃபைபர் போட்டார்கள், ஒப்பந்தம் கோயில் சங்கத்தின் பெயரில். வேகத்தைக் குறைத்தபோது 20 வேலைநாள் அறிவிப்பு எடுபடவில்லை. சின்ன வழக்கு நீதிமன்றத்திலும் சங்கமோ கம்பெனியோ வழக்குப் போட முடியாது, தனி மனிதர்தான் போடலாம். 44-ஆவது ஒழுங்குவிதியின் பட்டியலும் தனிநபருக்குத்தான். இப்படிப்பட்டவர்களுக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதும், மீறல் என்ற பொதுச் சட்ட வாதமும், ஐகாசாவும்தான் முக்கியமாக மிச்சம். சின்ன அமைப்பாக இருந்தால் மாதாமாதம் விட்டுவிடக்கூடிய ஒப்பந்தமாகப் போடுவது நல்லது, கட்டணம் கொஞ்சம் கூட இருந்தாலும்.

ஃபைபரில் மாதாந்திர ஒப்பந்தம் பரவலாகக் கிடைக்கிறது. மண்ணுக்குள் போகிற இழை ஓப்பன்சர்வ், வூமாடெல் போன்ற வலையமைப்பு நிறுவனங்களுடையது. அதன் மேல் இணையம் விற்பவர்கள் வேறு பலர். ஆகவே விற்பவரை மாற்றினால் பெரும்பாலும் வாசலில் மறுபடி குழி தோண்ட வேண்டியதில்லை. இலவச இணைப்பு என்று தந்திருந்தால், இத்தனை மாதத்துக்குள் போனால் அந்தச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

கடிதம் போய் ஒன்பதாவது வேலைநாள் ஒருவர் கூப்பிட்டார். முதலில் மூன்று மாதத்துக்குச் சேனல் இலவசம் என்றார். வேண்டாம் என்றேன். மூன்று மாதம் கழித்து இதே இடத்தில்தான் நிற்போம், அதுவும் "சலுகையை ஏற்றார்" என்ற குறிப்போடு. மறுபடி பேசி, ஒப்பந்தம் முடியும் வரை மாதம் 129 கழிப்பதாக ஒப்புக்கொண்டார். மின்னஞ்சலில் எழுதித் தரச் சொன்னேன். எழுதி வந்த பிறகுதான் சரி என்றேன். டேட்டாவைப் பற்றி அவர் பிடிகொடுக்கவில்லை. 14 வேலைநாள் முடிந்ததும் அதை மட்டும் தனியாக ஐகாசாவுக்கு எழுதியிருக்கிறேன்.

இருந்துகொண்டே கேட்பது எங்களுக்குச் சரியாக வந்தது. வீட்டில் ஆயா இருக்கிறார், புது இடத்தில் அதே சேனல்கள் கிடைக்கும் என்று உறுதி இல்லை, போவதால் பணமும் மிச்சமாகாது. சேனலுக்காக அல்லாமல் வேகத்துக்காகவோ வேலைக்காகவோ எடுத்தவர்கள், பேக்கேஜின் உயிரான பகுதியையே இழந்தவர்கள், மீறல் என்று எழுதி வெளியேறவே பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் நாலைந்து மாதம்தான் பாக்கி என்றால் எதிர்ப்பை மட்டும் பதிந்துவிட்டுக் காத்திருப்பதே போதும்.

காத்திருப்பவர்களும் நாங்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒப்பந்தம் முடிய 80-லிருந்து 40 வேலைநாளுக்குள் நிறுவனம் நமக்கு எழுத்தில் நினைவூட்ட வேண்டும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது மாதாமாதமாகத் தொடரும், அப்போதைய புது விலையிலும் புது நிபந்தனையிலும். எங்களுடையது அடுத்த ஏப்ரல் 30-இல் முடிகிறது. ஏப்ரலில் பெரிய வெள்ளி, அதற்கடுத்த திங்கள், 27-ஆம் தேதி விடுமுறை என்று வேலைநாட்கள் குறைந்துபோகும். பாதுகாப்புக்காக 20 வேலைநாள் எண்ணி, மார்ச் கடைசிக்குள் கடிதம் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளப் போகிறோம். சமையலறையில் தொங்குகிற கோயில் நாட்காட்டியில் அடுத்த மார்ச் மாதம் இல்லை. அதனால் அதன் பின்பக்கத்தில் எழுதி, புது நாட்காட்டி வந்ததும் மாற்றி எழுதும்படி தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.